பழைய மென்பொருளும் ஒரு சந்தேகப் பிராணியும்

எங்கள் கம்பெனியில் இப்போது படம் திருத்தும் மென்பொருளை மாத வாடகைக்கு எடுத்திருக்கிறார்களாம். அது தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கிறதாம். டிசைன் பிரிவில் இருப்பவர்கள் ஒரு கல்யாணத்தில் என்னைப் பார்த்தபோது பெருமையாகச் சொன்னார்கள். நான் உடனே கேட்டேன். நம்மைக் கேட்காமல் ஒரு பொருள் தன்னை மாற்றிக்கொண்டால், அது கெட்டுப்போகிற நாளில் யாரைப் பிடித்து உலுக்குவது? இதைக் கேட்டதும் எல்லாரும் சிரித்தார்கள். "உங்க காலத்துல எப்படி சார் சமாளிச்சீங்க? எழுதிக் குடுங்க, ஆண்டு மலர்ல போடறோம்" என்றார்கள். எழுதியிருக்கிறேன். மலரில் போடுவார்களா என்பது சந்தேகம்தான்.

நான் ஒரு சந்தேகப் பிராணி. இதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கடைக்காரர் எடை போட்டுக் கொடுத்த பருப்பை வீட்டில் இன்னொரு முறை எடை போடுகிறவன். லைன் அணைத்தாயிற்று என்று யார் சொன்னாலும், சொன்னவர் என்னைப் பெற்றவராகவே இருந்தாலும், டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் கம்பியைத் தொட்டதில்லை. அதனால்தான் பத்து விரலோடு ஓய்வு பெற்றேன். என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர்களில் இரண்டு பேருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எனவே சந்தேகத்தை ஒரு கெட்ட குணமாக நான் ரொம்ப நாள் நினைக்கவே இல்லை.

ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படிப்பு, ஒரு வருஷம் அப்ரண்டிஸ், இரண்டு வருஷம் தினக்கூலி, அப்புறம் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் லேபிள் அச்சடிக்கும் கம்பெனியில் எலக்ட்ரீஷியன். எண்ணெய் டின், பூச்சிமருந்து பாட்டில், மாத்திரை டப்பா என்று ஒட்டுவதற்கு எது வேண்டுமானாலும் அடிப்போம். கவரைப்பேட்டையிலிருந்து தினமும் ரயில். கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதை யார் பார்த்துக்கொள்வது என்று கேள்வி எழுந்தது. கரண்டில்தானே ஓடுகிறது? அப்படியானால் தனபால் பார்க்கட்டும். இப்படித்தான் நான் கம்ப்யூட்டர்காரன் ஆனேன்.

டிசைன் அறையில் ஷம்ஷாத் என்ற பெண் வேலை பார்த்தாள். பழவேற்காட்டிலிருந்து பஸ்ஸில் பொன்னேரி வந்து, அங்கிருந்து ரயில் பிடித்து எட்டரை மணிக்கு நாற்காலியில் இருப்பாள். அவளுடைய வாப்பா கருவாட்டு வியாபாரி. அந்தக் குடும்பத்தில் வேலைக்கென்று படி தாண்டிய முதல் பெண் அவள்தான். அண்ணனுக்கு அதில் இஷ்டமில்லை, ஏதாவது ஒரு சொல் வந்தால் போதும், மறுநாளே நிறுத்திவிடுவான் என்று ஒருமுறை பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள். கை சுத்தமான வேலைக்காரி. நெல்லிக்காய்ப் படத்தில் ஒரு புள்ளி கறுத்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

இரண்டாயிரத்து ஏழு என்று நினைக்கிறேன். அவளுடைய பழைய கம்ப்யூட்டர் ஒரு நாள் புகைவிட்டு ஒரேயடியாகப் போய்விட்டது. புதிது வாங்கினார்கள். ஆனால் மென்பொருள் மட்டும் பழையதே. பத்து வருஷம் பழசான அந்தக் குறுந்தகட்டையே புதுப் பெட்டியில் போடச் சொன்னார் மேனேஜர் கிருபாகரன். "ஒத்துக்காது சார், புது சாஃப்ட்வேரும் சேத்து வாங்கிடுங்க" என்று ஷம்ஷாத் எல்லார் முன்னாலும் சொன்னாள். மேனேஜர் முதலாளியிடம் ஏற்கெனவே, பழசே போதும் என்று வாக்குக் கொடுத்துவிட்டிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டுக் கையில் இருந்த பென்சிலை மேசையில் நேராக வைத்தார்.

முதல் நாளே தகராறு. மென்பொருளைத் திறந்தால், நினைவகம் போதவில்லை என்று சொல்லி மூடிக்கொண்டது. பழைய பெட்டியில் இருந்ததைவிடப் பதினாறு மடங்கு நினைவகம் புதுப் பெட்டியில் இருந்தது. பட்டத்து யானையைக் கட்டிவிட்டு, ஆள் ஏற முதுகு போதவில்லை என்றால் எப்படி? விற்ற கடைக்காரர் அசல் சரக்குக்குப் பதில் போலியை வைத்துவிட்டார் என்று எனக்குச் சந்தேகம். பெட்டியைக் கழற்றி இரண்டு நினைவகப் பட்டைகளையும் வெளியே எடுத்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்று மட்டும் இருந்தால் திறக்கிறது. மற்றதை மட்டும் போட்டாலும் திறக்கிறது. இரண்டும் இருந்தால் போதவில்லை என்கிறது. அப்புறம்தான் விளங்கியது. அந்த மென்பொருளை எழுதிய காலத்தில் இவ்வளவு பெரிய நினைவகம் யாரிடமும் இல்லை. அதற்கு அவ்வளவு தூரம் எண்ணத் தெரியாது. எண்ணிக்கை தாண்டிப் போனதும் ஒன்றுமே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறது. ஒரு பட்டையைக் கழற்றி என் அலமாரியில் பூட்டிவைத்தேன். வேலை ஓடியது.

இந்தச் சின்ன வெற்றி என் தலைக்கு ஏறியது. அடுத்த வாரம் வந்ததுதான் நிஜமான சோதனை.

ஷம்ஷாத் ஒரு படத்தைத் திறப்பாள். திரை வெள்ளையாக உறைந்துவிடும். மணல் கடிகாரம் மட்டும் சுழலும். நாலைந்து நிமிஷம் கழித்து மென்பொருளே மறைந்துவிடும், சேமிக்காத வேலை அத்தனையும் அதோடு போகும். மறுபடி திறந்தால் மறுபடி அதே கதை. ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ இப்படிப் பேஜார் பண்ணிவிட்டு, ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓட ஆரம்பிக்கும். நான் பார்க்கப் போகும்போது பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும். என்னைக் கண்டால் நோயாளி எழுந்து உட்கார்ந்துவிடுகிறான்.

வைரஸ் பார்த்தேன். இல்லை. எழுத்துருக்களைப் பாதியாகக் குறைத்தேன். மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி போட்டேன். மின்சாரம் ஏறி இறங்குகிறதா என்று மீட்டர் வைத்து உட்கார்ந்தேன். எல்லாம் சரி. பூச்சிமருந்து லேபிள் ஒன்று இரண்டு நாள் தாமதமாகி, வாங்குகிற கம்பெனியிலிருந்து ஆள் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

மேனேஜர் கூப்பிட்டார். அவர் எப்போதும் குரலை உயர்த்த மாட்டார். எதிரில் நிற்பவரை உட்காரச் சொல்லவும் மாட்டார். மேசையில் மூன்று பென்சில்கள் கூர் தீட்டி ஒரே வரிசையில் இருக்கும். கேள்வி கேட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

"மிஸ்டர் தனபால், டிசைன் சிஸ்டம் விஷயம் என்ன?"

"என்ன கெட்டிருக்குன்னு பாத்துக்கினு இருக்கேன் சார்."

"என்ன கெட்டிருக்குன்னு நான் கேக்கலை. யார் கெடுத்தாங்கன்னு கேட்டேன்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒத்துக்காதுன்னு ஒருத்தங்க முதல் நாளே சொன்னாங்க. இப்போ ஒத்துக்கலை. சொன்னது பலிக்கணும்னு யாருக்கு ஆசை இருக்கும்? அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்கு எழுத்துல ஒரு பேர் வேணும். அன்னிக்கே செட்டில் பண்ணி அனுப்பிடலாம்."

நான் அப்போது மறுத்துப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. காரணம், அவர் சொன்னது எனக்குச் சரி என்றே பட்டது. எனக்கு வருத்தமாகக்கூட இல்லை. எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்றுதான் இருந்தது.

அன்றிலிருந்து ஒரு பாக்கெட் நோட்டு போட்டேன். பெட்டி எத்தனை மணிக்கு நின்றது, ஷம்ஷாத் எத்தனை மணிக்கு எழுந்தாள், எங்கே போனாள், என்ன விசையைத் தட்டினாள், எல்லாவற்றையும் எழுதினேன். ஏ.சி. பார்க்கிறேன், பல்பு மாற்றுகிறேன் என்று ஏதாவது சாக்கில் டிசைன் அறையிலேயே ஏணி போட்டு நின்றேன். அவள் பாவம், எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்தாள்.

"அண்ணே, எப்டினா சீக்கிரம் கண்டுபுடிங்க. மேனேஜர் என்னையே ஒரு மாதிரி பாக்குறாரு. வேல போச்சுன்னா போவட்டும், மிசின ஒடச்சவன்னு பேரு வந்தா எங்க ஊட்ல என்னை வெளிய உடமாட்டாங்க."

"நான் இருக்கேன்ல, கவலப்படாத" என்று சிரித்தேன். டீயைக் குடித்துவிட்டு, கீழே இறங்கி, 'பதற்றமாக இருக்கிறாள்' என்று நோட்டில் எழுதினேன்.

ஒன்பது நாள் எழுதினேன். வியாழக்கிழமை காலை என் அறையில் நாள்காட்டித் தாளைக் கிழிக்கும்போதுதான் பொறி தட்டியது. தாளின் அடியில் பொடி எழுத்தில் ராகு காலம் போட்டிருந்தது. நோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். செவ்வாய் நின்றது மூன்று மணிக்கு மேல். புதன் பன்னிரண்டு மணிக்கு மேல். போன வியாழன் ஒன்றரைக்கு மேல். வெள்ளி பத்தரை. சனி ஒன்பது. திங்கள் மட்டும் காலையில் வந்ததும் அரை மணி நேரம். ஒன்றுகூடத் தப்பவில்லை. எங்கள் கம்ப்யூட்டர் ராகு காலம் பார்த்துப் படுத்துக்கொண்டிருந்தது.

இன்னொருவராக இருந்தால் எலுமிச்சம்பழம் வாங்கப் போயிருப்பார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? மிஷினுக்குப் பஞ்சாங்கம் தெரியாது, ஆகையால் மனுஷ வேலைதான். சரி, எந்த மனுஷர்? ஷம்ஷாத் வீட்டில் ராகு காலம் பார்க்கிற வழக்கமே இல்லை, ஆகவே அவள் இல்லை என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அடுத்த நிமிஷமே என் புத்தி திரும்பிக்கொண்டது. தன் மேல் யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது என்றுதானே அந்த நேரமாகப் பார்த்துச் செய்கிறாள்! காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். என் மஞ்சள் அன்றைக்கு அப்படி முற்றியிருந்தது.

வியாழக்கிழமை ராகு காலம் ஒன்றரை மணிக்கு. ஒன்றேகாலுக்கு டிசைன் அறைக்குப் போய், "இன்னிக்கு நான் தனியா உக்காந்து பாக்கணும், நீ கேன்டீன்ல இரு" என்று அவளை அனுப்பிவிட்டுக் கதவை உள்பக்கம் தாழிட்டேன். ஒரு மஞ்சள்தூள் லேபிளைத் திறந்தேன். திறந்தது. மூடினேன். மறுபடி திறந்தேன். சரியாக ஒன்று முப்பத்தாறுக்குத் திரை வெள்ளையாகி மணல் கடிகாரம் சுழல ஆரம்பித்தது. அறையில் நானும் அந்தப் பெட்டியும் மட்டும்.

என் நோட்டில் இருந்த அத்தனை குறிப்பும் அந்த நிமிஷமே குப்பை. ஆனாலும் அதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. வெளியே இருந்து யாரோ செய்கிறார்கள் என்று எழுந்தேன். கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கிற சின்னப் பெட்டி வராந்தாச் சுவரில் இருக்கும். அதில் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு பச்சை விளக்கு. எப்போதும் நாலு எரியும். அன்றைக்கு மூன்றுதான் எரிந்தது. மென்பொருள் எனக்குப் புரியாது, ஆனால் அணைந்த விளக்கு எனக்குப் புரியும். அந்த விளக்கின் கம்பியைக் கையால் பிடித்துக்கொண்டே நடந்தேன். வராந்தா, கம்ப்ரசர் அறை, பின்பக்கத்துச் சுவர், தகரக் கூரை. கடைசியில் அது கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் டிஸ்பாட்ச் அறைக்குள் போய் இறங்கியது.

டிஸ்பாட்ச் கிளார்க் ராமுலு உள்ளே விளக்கு, மின்விசிறி எதுவும் இல்லாமல் வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தார். ஆரம்பாக்கத்துக்காரர், சொந்தமாக நஞ்சை நிலம் உண்டு, வரப்பு வேலை முடித்துவிட்டு வேலைக்கு வருகிற மனிதர். அவர் மேசைக்கு முன்னால் ஒரு லாரி டிரைவர், பில் எப்போது வரும் என்று கத்திக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா இந்தப் பக்கம்? கரண்டு இல்ல, சிஸ்டம் போச்சு" என்றார் ராமுலு. முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்துச் சுவிட்சுப் பலகையில் வைத்தேன். பளிச்சென்று எரிந்தது.

டிரைவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். திருடனைப் பிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு. "எத்தினி நாளா இந்த வேல? யாரு சொல்லிச் செய்யறீங்க?" என்றேன். ராமுலு நாற்காலியை விட்டு எழுந்தார்.

"மேனேஜர் கைல மட்டும் சொல்லாத நைனா. சிரிச்சே கொன்னுடுவாரு. மூணு வருசம் முன்ன ஒரு செவ்வாக்கெழம மூணரை மணிக்கு நான் பில்லு அடிச்சி அனுப்ச்ச வண்டி ஊத்துக்கோட்டை ரோட்டுல கவுந்துச்சி. டிரைவருக்கு ஒரு காலு போச்சி. ராகு காலத்துல என் கையால அடிச்ச பில்லு. அதுலேர்ந்து அந்த ஒன்ற மணி நேரம் நான் எவனுக்கும் பில்லு அடிக்கறதில்ல. ராகு காலம்னு சொன்னா எவன் கேக்கறான்? சண்டைக்கு வர்றான். சிஸ்டம் போச்சுன்னு சொல்லிப் பாரு, வாய மூடிக்கினு டீ குடிக்கப் போயிடறான். அதான் பொட்டி, பிரிண்டர் எல்லாத்தையும் அணைச்சி வச்சிர்றது."

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. ஷம்ஷாத் யார் என்றுகூட அவருக்குச் சரியாகத் தெரியாது. டிசைன் அறையில் ஒரு கம்ப்யூட்டர் நிற்பதும் தெரியாது.

"போடுங்க" என்றேன். தயங்கினார். நானே சுவிட்சுகளைப் போட்டேன். "பில்லு அடிக்க வேணாம், சும்மா எரியட்டும்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். டிசைன் அறையில் மஞ்சள்தூள் லேபிள் சமர்த்தாகத் திறந்தது. திரும்ப டிஸ்பாட்ச் போய் அணைத்தேன், வந்து பார்த்தேன், உறைந்தது. போட்டேன், திறந்தது. மூன்று முறை இப்படி அந்தத் தகரக் கூரைக்குக் கீழே வெயிலில் ஓடினேன். மூன்று முறைக்குக் குறைந்து எதையும் நம்பியதில்லை.

விஷயம் இதுதான். அந்தப் பழைய மென்பொருளுக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு படத்தைத் திறக்கும்போதும், எந்தக் காகிதத்தில் எவ்வளவு ஓரம் விட்டு அடிப்பது என்று முதலில் பிரிண்டரைக் கேட்கும். அடிக்கப் போகிறோமா இல்லையா என்பது அதற்குக் கவலையில்லை. பழைய கம்ப்யூட்டரில் பிரிண்டர் பக்கத்திலேயே செருகியிருந்ததால் உடனே பதில் வந்துவிடும். அது புகைவிட்ட அன்றே அந்தப் பிரிண்டரும் போய்விட்டது. புதுக் கம்ப்யூட்டரிலோ அது கேட்கிற பிரிண்டர் டிஸ்பாட்ச் அறையில் இருந்தது. ராகு காலத்தில் அங்கே பதில் சொல்ல ஆளில்லை. பதில் வரும் வரை காத்திருந்து காத்திருந்து, செத்துப்போகிறது.

வைத்தியம் சுலபம். கம்பெனியில் இல்லவே இல்லாத ஒரு பிரிண்டரின் பெயரைக் கம்ப்யூட்டரில் பதிந்து, அதையே முதல் பிரிண்டராக வைத்தேன். பெட்டிக்குள்ளேயே அதற்கான விவரம் இருப்பதால் மென்பொருள் கேட்டதற்கு உடனே பதில் கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு ராமுலு அணைத்தாலும் போட்டாலும் ஒன்றும் ஆகவில்லை.

பிரிண்டர் பட்டியலில் டிஸ்பாட்ச் பிரிண்டரின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த குறியை நீக்கும்போது என் கை அப்படியே நின்றுவிட்டது. அந்தக் குறியை அங்கே வைத்தது யார்? கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து பொருத்திய கடைக்காரர், எந்தப் பிரிண்டரை முதலாவதாக வைக்கட்டும் என்று கேட்டார். ஷம்ஷாத் அப்போது சாப்பிடப் போயிருந்தாள். "வேற எது இருக்கு? டிஸ்பாட்ச்ல ஒண்ணுதான் இருக்கு, அதையே போடுங்க" என்று பதில் சொன்னவன் நான். சோதனைத் தாள் வந்ததா என்று பார்க்க டிஸ்பாட்ச் வரை நடந்து போனவனும் நான்தான். இருபத்தைந்து வருஷம் எல்லாரையும் சந்தேகப்பட்டவனுக்கு அந்த ஒருவனை மட்டும் சந்தேகப்படத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை மேனேஜர் அறைக்குப் போனேன். என்ன நடந்தது என்பதை ஒரு பக்கத்தில் எழுதியிருந்தேன். ராமுலு பெயரை எழுதவில்லை. கிருபாகரன் நிதானமாகப் படித்தார். ஒரு பென்சிலை எடுத்துத் தாளின் அடியில் ஒரு கோடு போட்டார்.

"காரணம் இருக்கு. நான் கேட்ட பேர் இல்லையே. பிரிண்டரை யார் அணைச்சது?"

"பிரிண்டர்னா போடுவாங்க, அணைப்பாங்க சார். அதுல தப்பில்ல. அணையிற பிரிண்டரை நம்பி டிசைன் மிஷினைக் கட்டிப்போட்டாங்களே, அதுதான் தப்பு."

"கட்டிப்போட்டது யார்? அந்தப் பொண்ணா?"

"இல்ல சார். நான்."

கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் அவர் என்னைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். தாளை என் பக்கம் தள்ளினார். "எழுத்துல" என்றார். அவர் போட்ட கோட்டின் மேல் என் பெயரை எழுதினேன். சாயங்காலத்துக்குள் எனக்கு மெமோ வந்தது. ஷம்ஷாத்திடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அவங்க வேலையப் பாக்கட்டும்னு சொல்லிடுங்க" என்று என்னிடம் சொல்லி முடித்துக்கொண்டார்.

டிசைன் அறைக்குப் போனேன். வெள்ளிக்கிழமை, பத்தே முக்கால். அவள் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள், நின்றுவிடுமோ என்று பார்த்துக்கொண்டே. எல்லாவற்றையும் சொன்னேன். பிரிண்டர், மெமோ, என் தப்பு, எல்லாம். நோட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை, அதையும் எடுத்து அவள் மேசையில் வைத்தேன்.

அவள் பக்கம் பக்கமாகப் படித்தாள். 'பதற்றமாக இருக்கிறாள்' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"மேனேஜர் என் மூஞ்சிக்கு நேரா மொறச்சாரு. அவரு மொறச்சதுக்கு நான் பயந்தேன், அவ்ளோதான். நீங்க நான் குடுத்த டீயக் குடிச்சிக்கினே எழுதிக்கீறீங்களே அண்ணே."

நோட்டை முதல் பக்கத்துக்குத் திருப்பினாள்.

"என் பேரு இதுல எத்தினி நாளு கீது?"

"ஒம்போது நாளு."

"உங்க பேரு?"

"இன்னிக்குத்தாம்மா எழுதினேன்."

நோட்டை மூடி என் பக்கம் நகர்த்தினாள். "ஃபைலு தொறக்குது. நீங்க போங்க" என்று சொல்லித் திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அதற்கப்புறம் நான் ஓய்வு பெறுகிற வரை ஒரே கம்பெனியில்தான் இருந்தோம். கேட்டதற்கு மரியாதையாகப் பதில் சொல்வாள். அண்ணே என்று மட்டும் கூப்பிடவே இல்லை, சார் என்றுதான் கூப்பிட்டாள்.